தொலைய முடியாத பாதை: சுழல்பாதையும் நடைத்தியானமும்

பொள்ளாச்சிக்கு அருகே கெடிமேட்டிலும், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சில இடங்களிலும், கற்களைத் தரையில் வரிசையாகப் பதித்து உருவாக்கிய பழைய சுற்றமைப்புகள் இருக்கின்றன. மக்கள் வழக்கில் அவற்றுக்கு ‘ஏழு சுற்றுக் கோட்டை’ என்று பெயர். தொல்லியல் பற்றி எழுதுவோர் ‘புதிர்ப்பாதை’ என்கிறார்கள். இரண்டில் மக்கள் வைத்த பெயரே வடிவத்துக்கு நெருக்கமானது. புதிர் என்றால் வழி பிரிய வேண்டும். தவறான கிளையில் போய் முட்டித் திரும்ப வேண்டும். லண்டனை ஒட்டிய ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் 17-ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டிச் செடிவேலிகளால் அமைத்த வழி அப்படிப்பட்டது. நடப்பவரைக் குழப்புவதே அதன் நோக்கம். கிரேக்க மரபில் ‘லாபிரிந்த்’ என்று பெயர் பெற்ற பழைய வடிவத்தில் வழி எங்கும் பிரிவதில்லை. வாசலில் கால் வைத்தவர் தொடர்ந்து நடந்தால் மையத்தை அடைந்தே தீருவார். வந்த வழியே திரும்பினால் வாசலுக்கு வந்தே தீருவார். வளைவுகள் உண்டு, முட்டுச்சந்து இல்லை. அதை இக்கட்டுரை ‘சுழல்பாதை’ என்றே குறிக்கிறது.

இந்தப் பழைய வடிவம் கடந்த 35 ஆண்டுகளில் புதிய வாழ்வு பெற்றிருக்கிறது. தேவாலயங்கள், மருத்துவமனைகள், கல்லூரி வளாகங்கள், பூங்காக்கள் எனப் பல இடங்களில் தியானத்துக்கென்றே சுழல்பாதைகள் அமைகின்றன. மே மாதத்தின் முதல் சனிக்கிழமையை உலக சுழல்பாதை நாளாகக் கொண்டாடுகிறார்கள். இதை முன்னெடுப்பவர்களில் பலர், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதர் இப்படியே நடந்து மன அமைதி கண்டனர் என்று சொல்கிறார்கள். எதிர்ப்பவர்களோ, அந்த வரலாற்றுக்குச் சான்று இல்லை என்பதைக் காட்டி, முழு முயற்சியையும் ஒரு மாயை என்று தள்ளிவிடுகிறார்கள். இரு தரப்பும் ஒரே தவற்றைச் செய்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒரு பயிற்சியின் மதிப்பு அதன் வயதில் இருக்கிறது என்று இருவரும் நம்புகிறார்கள். சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால் கிடைப்பது வேறு முடிவு. தியானத்துக்காகச் சுழல்பாதையில் நடப்பது புதிய வழக்கம். ஆனாலும் அது பயனுள்ள வழக்கம். அந்தப் பயன் வடிவத்திலிருந்தும் நடப்பவரின் கவனத்திலிருந்தும் வருகிறது. இதை ஏற்றுக்கொண்டால், பாதையை எப்படி அமைப்பது, எப்படி நடப்பது என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் தொன்மைச் சான்றுகளைப் பார்ப்போம். கிரேக்கத்தின் பைலோஸ் நகரில், நெஸ்டரின் அரண்மனை என்று அறியப்படும் இடத்தில் கிடைத்த களிமண் பலகை ஒன்றின் பின்புறத்தில் ஏழு சுற்று வடிவம் கீறப்பட்டிருக்கிறது. காலம் ஏறத்தாழ கி.மு. 1200. முன்புறத்தில் இருப்பது ஆட்டுக் கணக்கு. எழுத்தர் ஒருவர் ஓய்வு நேரத்தில் கீறியதாகத்தான் அது தெரிகிறது. வழிபாட்டுக்கான அடையாளம் எதுவும் அதில் இல்லை. கிரீட் தீவின் நோசஸ் நகரம் சில நூற்றாண்டுகள் கழித்து வெளியிட்ட நாணயங்களிலும் இதே வடிவம் வருகிறது. அங்கே அது மினோட்டார் என்ற காளைத்தலை மனிதனை அடைத்து வைத்த கட்டடத்தின் சின்னம். கோவாவில் குசாவதி ஆற்றங்கரையில் உள்ள உஸ்கலிமால் பாறைச் செதுக்குகளிலும் ஒரு சுழல்பாதை இருக்கிறது. கர்நாடகத்தின் ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிலில் போய்ப் பார்த்தால், பாரதப் போரின் சக்கரவியூகத்தையே சிற்பிகள் இந்த வடிவில் காட்டியிருக்கிறார்கள். உள்ளே போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாத அபிமன்யுவின் கதைக்கு, வெளியே வரத் தவறவே முடியாத ஒரு பாதையைச் சின்னமாக வைத்தது ஆழ்ந்து எண்ணத்தக்கது. வடிவம் ஒன்றுதான். அதன் மீது மக்கள் ஏற்றிய பொருளோ இடத்துக்கு இடம் மாறியது.

ஐரோப்பாவின் பிற்காலச் சான்றுகளும் இதையே சொல்கின்றன. உரோமானியர் மாளிகைத் தரைகளில் வண்ணக்கல் பதித்துச் சுழல்பாதைகளை வரைந்தனர். அவற்றில் பெரும்பாலானவற்றின் தடம் கால் வைத்து நடக்க முடியாத அளவுக்குக் குறுகியது. அவை கண்ணுக்கான அலங்காரம். சுவீடனின் கடற்கரையில் மட்டும் கல் அடுக்கிய சுழல்பாதைகள் ஏறத்தாழ 300 இருக்கின்றன. பின்லாந்திலும், ரஷ்யாவின் வெள்ளைக் கடலில் உள்ள சொலொவெட்ஸ்கி தீவுகளிலும் இன்னும் பல உண்டு. அவற்றில் கணிசமானவை மீனவர் தங்கிய துறைகளை ஒட்டியவை. நல்ல காற்று வீசவும், வலை நிறையவும், கெட்டது பின்தொடராமல் இருக்கவும் கடலுக்குப் போகுமுன் அவற்றில் நடந்ததாக நாட்டார் மரபு சொல்கிறது. இங்கிலாந்தின் சாஃப்ரன் வால்டனில் புல்தரையை வெட்டி அமைத்த 17 சுற்றுப் பாதை ஒன்று உண்டு. அதைச் செப்பனிட்டதற்கான பதிவு 1699-இல் கிடைக்கிறது. அப்படிப்பட்ட புல்வெளிப் பாதைகளில் இளைஞர்களின் ஓட்டமும் விழாக்கால விளையாட்டும் நடந்தன. அலங்காரம், சடங்கு, காப்பு, விளையாட்டு என இத்தனை பயன்களைக் காண்கிறோம். உள்நோக்கிய மௌனத் தியானம் இந்தப் பட்டியலில் தெளிவான சான்றோடு எங்கும் இல்லை.

இன்றைய இயக்கம் தன் தாயகமாகக் கருதுவது பிரான்சின் சார்த்ர் பேராலயத்தை. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் நடுக்கூடத் தரையில் பதித்த சுழல்பாதை இன்றும் முழுதாக இருக்கிறது. குறுக்களவு ஏறத்தாழ 12.9 மீட்டர், 11 சுற்றுகள், மையம்வரை பாதையின் நீளம் 260 மீட்டருக்குச் சற்று மேல். மையத்தில் ஆறு இதழ்ப் பூவின் வடிவம். அங்கே, கிரேக்கக் கதையில் மினோட்டாரைக் கொன்ற வீரன் தேசியஸும் மினோட்டாரும் பொறித்த உலோகத் தகடு இருந்ததாக 17-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792-இல், அதைப் பெயர்த்து உருக்கிவிட்டனர். ரான்ஸ் பேராலயத்தின் பாதை 18-ஆம் நூற்றாண்டில் அழிந்தது. அமியான் பேராலயத்தில் 1288-இல் பதித்த பாதையை 1820-களில் அகற்றி, அதே நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் பதித்தார்கள். ஒசேர் பேராலயத்தைப் பற்றிக் கிடைக்கும் ஆவணம் மிகவும் அரியது. அங்கே ஈஸ்டர் நாளில் குருமார் பாதையைச் சுற்றிக் கைகோத்து ஆட, தலைமைக் குரு அவர்களிடம் பந்தை எறிய, பாட்டோடு ஒரு சடங்கு நடந்திருக்கிறது. 1396-ஆம் ஆண்டுப் பதிவில் அது இடம்பெறுகிறது, 1538-இல் தடைசெய்யப்பட்டது. நரகத்தை வென்று மீளும் கிறிஸ்துவை, அரக்கனை வென்று மீளும் தேசியஸின் உருவில் கண்ட கொண்டாட்டம் அது என்று ‘த மேஸ் அண்ட் த வாரியர்’ என்னும் நூலில் இசை வரலாற்றறிஞர் கிரேக் ரைட் விளக்குகிறார்.

எருசலேமுக்குப் போக முடியாத இடைக்காலக் கிறிஸ்தவர்கள், பதிலாக இப்பாதையில் முழந்தாளிட்டு ஊர்ந்து புனிதப் பயணத்தை நிறைவேற்றினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. துண்டறிக்கைகளிலும் சுற்றுலாப் பலகைகளிலும் உறுதியான வரலாறு போலவே இது இடம்பெறுகிறது. ஆனால் இடைக்காலத்தில் எழுதிய எந்தக் குறிப்பும் இப்படிச் சொல்லவில்லை. ‘எருசலேம் வழி’ என்ற பெயரும் விளக்கமும் 18-ஆம் நூற்றாண்டை ஒட்டியே தலைகாட்டுகின்றன. அடுத்த நூற்றாண்டில் பழமையை விரும்பிய எழுத்தாளர்கள் அதைப் பரப்பினார்கள். சுழல்பாதைகளின் வரலாற்றைப் பெரும் தொகுப்பாக எழுதிய ஹெர்மன் கெர்னும் இக்கதையை ஏற்கவில்லை. சான்று இல்லாததால் அது நடக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா என்று ஒருவர் கேட்கலாம். தனிமனிதர் யாரேனும் அப்படி ஊர்ந்திருக்கலாம். அதை மறுக்க வழியில்லை. ஆனால் ஊர் முழுதும் அறிந்த வழக்கமாக இருந்திருந்தால், பந்தாட்டத்தைக்கூட விடாமல் எழுதிவைத்த குருமார் அதை எழுதாமல் விட்டிருக்க மாட்டார்கள். ஆகவே இந்தக் கதையைத் தியானத்துக்கு ஆதாரமாக வைப்பது நேர்மையாகாது. ஆதாரம் என்று நம்பியது ஒருநாள் சரியும்போது, அதன் மேல் வைத்த பயிற்சியும் சேர்ந்து பழிக்கு உள்ளாகும்.

தியானத்துக்கான நடையின் தொடக்கத்தை நமக்குத் தெரிந்த ஆண்டுகளிலேயே சுட்டிக்காட்டலாம். சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தைச் சேர்ந்த குரு லாரன் ஆர்ட்ரெஸ் 1991-இல் சார்த்ருக்குப் போய், தரையை மூடியிருந்த நாற்காலிகளை நகர்த்திவிட்டு அந்தப் பாதையில் நடந்தார். ஊர் திரும்பி, அதே வடிவத்தைப் பெரிய துணியில் வரைந்து அந்த ஆண்டின் இறுதியில் கிரேஸ் பேராலயத்தில் மக்களுக்குத் திறந்துவைத்தார். 1995-இல் அவருடைய நூல் வெளிவந்தது; வெரிடிடாஸ் என்ற அமைப்பின் வழியே பயிற்றுநர்கள் உருவானார்கள். இங்கிலாந்தில் ஜெஃப் சாவர்ட் 1980 முதல் ‘கேர்டிராய்யா’ என்ற ஆய்விதழின் வழியே உலகெங்கும் உள்ள பழைய வடிவங்களைப் பதிவுசெய்து வந்தது, இந்த ஆர்வத்துக்கு அறிவுப் பின்புலம் தந்தது. மருத்துவமனை வளாகங்களிலும் பாதைகள் அமையத் தொடங்கின. சார்த்ரும் இதை ஏற்றுக்கொண்டது. ஆண்டின் பெரும்பகுதி நாற்காலிகள் மூடியிருக்கும் அந்தத் தரை, தவக்காலம் தொடங்கி நவம்பர்வரை வெள்ளிக்கிழமைகளில் நடப்போருக்காகத் திறக்கிறது. 800 ஆண்டுப் பாதையில் 35 ஆண்டு வழக்கம் நடக்கிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எல்லா வழிபாட்டு முறைகளும் ஏதோ ஒரு நாளில் புதியனவாகவே இருந்தன.

அப்படியானால் பயன் எங்கிருந்து வருகிறது? பாதையைக் கூர்ந்து பார்த்தால் அது சொல்லும். வெளிச்சுற்றை ஒன்று என எண்ணினால், ஏழு சுற்று வடிவத்தில் நடப்பவர் முதலில் நுழைவது மூன்றாம் சுற்று. அங்கிருந்து இரண்டு, ஒன்று என வெளிவிளிம்புக்குப் போகிறார். பிறகு நான்கு. அடுத்து, மையத்தைத் தொட்டுவிடலாம் என்னும்படியான ஏழாம் சுற்று. ஆனால் அங்கிருந்து வாசல் இல்லை. ஆறு, ஐந்து என மீண்டும் விலகிப்போய், ஐந்திலிருந்துதான் மையத்துக்குள் நுழைகிறார். எவ்வளவு தூரம் வந்தோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் அளந்து சொல்ல முடியாத அமைப்பு இது. கணக்குப் போட்டுப் பார்க்கும் மனம் இரண்டு மூன்று திருப்பங்களில் கணக்கை விட்டுவிடுகிறது. இரண்டாவதாக, வழி பிரியாததால் முடிவு எடுக்க வேண்டிய வேலை இல்லை. நாளெல்லாம் எது, எப்போது, எப்படி என்று தேர்ந்துகொண்டே இருக்கும் மனத்துக்கு அந்த விடுப்பே பெரிய ஓய்வு. மூன்றாவதாக, அடிக்கடி வரும் வளைவுகள் காலைக் கவனிக்கச் செய்கின்றன. நேர்ச்சாலையில் உடல் தானாக நடக்க, மனம் எங்கோ அலையலாம். இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைகிறது, உடலின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறது, அலைந்த மனம் பாதத்துக்குத் திரும்புகிறது. உட்கார்ந்து செய்யும் தியானத்தில் மூச்சு செய்யும் வேலையை இங்கே தரையே செய்துகொடுக்கிறது. உட்கார்ந்து கண்மூட முடியாமல் தவிப்பவர்களுக்கு இது எளிதாக வசப்படுவதன் காரணம் இதுதான்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. நடந்தாலே மனம் இலேசாகும். காலையில் பூங்காவைச் சுற்றி வருபவருக்கும் அதே நன்மை கிடைக்குமே, சுழல்பாதை எதற்கு என்பது அது. சுழல்பாதை குறித்து வெளிவந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறிய குழுக்களை வைத்து நடந்தவை. நடந்தவர்கள் தாமே எழுதிக்கொடுத்த உணர்வுகளை நம்பியவை. அமைதி, தெளிவு, பதற்றக் குறைவு ஆகியவற்றை அவர்கள் சொல்கிறார்கள். வேறு நடையோடு ஒப்பிடாமல் அவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் நடைக்கும் கவனத்தோடு கூடிய நடைக்கும் வேறுபாடு உண்டா என்ற அடிப்படைக் கேள்விக்குத் தாய்லாந்தில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு வெளிச்சம் தருகிறது. மனச்சோர்வு உள்ள 60 வயது கடந்த 45 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு நடைப்பயிற்சி இன்றி இருந்தது. மற்றொன்று வழக்கமான நடை நடந்தது. மூன்றாவது பௌத்த முறை நடைத்தியானம் செய்தது. 12 வாரங்களில் நடந்த இரு குழுக்களுக்கும் உடல்திறன் கூடியது. மனச்சோர்வு குறைந்ததோ தியானத்தோடு நடந்த குழுவுக்கு மட்டுமே. சிறிய ஆய்வுதான், சுழல்பாதையைப் பற்றியதும் அன்று. ஆயினும் நடைக்குக் கவனம் சேரும்போது விளைவு மாறலாம் என்பதை அது காட்டுகிறது. கவனத்தை எளிதாக்கும் கருவி என்ற அளவில் சுழல்பாதைக்கு இடம் உண்டு. நோய் தீர்க்கும் மருந்து என்று அதை விற்பதற்கு இடம் இல்லை.

இரண்டாவது மறுப்பு நம்மிடமிருந்தே எழக்கூடியது. கோயில் பிராகாரத்தை வலம் வருகிறோம். அடிக்கு அடி பாதம் வைத்து அடிப்பிரதட்சணம் செய்கிறோம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறோம். முன்னும் பின்னுமாக மெல்ல நடக்கும் சங்கிரமணத்தைப் பௌத்தர்கள் புத்தர் காலம் முதலே போற்றுகிறார்கள். புத்த கயையில் அவர் நடந்த தடத்தைத் தாமரைப் பீடங்கள் நினைவூட்டுகின்றன. இவ்வளவும் இருக்க மேலைநாட்டு வடிவம் எதற்கு? இம்மறுப்பின் பாதி உண்மை. நடைத்தியானத்தின் பழமைக்குச் சான்று வேண்டுமானால் அது சார்த்ரில் இல்லை, இந்த மரபுகளில்தான் இருக்கிறது. வலம் வருபவருக்கு ஒரு தெய்வமோ மலையோ மையமாக நிற்கிறது. அந்த மையத்தை அவர் சுற்றுகிறார், உள்ளே நுழைவதில்லை. சுழல்பாதையின் மையம் வெற்றிடம். அதற்குள் போய் நின்று திரும்ப வேண்டும். ஒன்று பக்தியின் நடை. மற்றொன்று எந்தச் சமயத்தாரும், சமயம் இல்லாதவரும் தம் பொருளை வைத்து நடக்கக்கூடிய தடம். ஒன்றைக் கொண்டால் மற்றதை விட வேண்டியதில்லை. அந்நியம் என்ற சொல்லும் பொருந்தாது. நம் கொங்கு நிலத்திலும் கர்நாடகச் சிற்பத்திலும் கோவாப் பாறையிலும் இருக்கும் வடிவம் நமக்கு எப்படி அந்நியமாகும்? தமிழகத்துக் கோலங்களையும் சுழல்பாதை வடிவங்களையும் இணைத்து மானிடவியலாளர் ஜான் லேயார்ட் 1937-லேயே கட்டுரை எழுதினார்.

வடிவமும் கவனமுமே முக்கியம் என்றால், கட்டுமானத்தில் செலவுக்கு வேலை குறைவு. கோலம் போடத் தெரிந்த கைக்கு ஏழு சுற்று எளிது. ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு மூலைகளிலும், முனை மையத்தை நோக்கும்படி நான்கு செங்கோணங்கள். அவற்றுக்கு வெளியே நான்கு புள்ளிகள். இப்போது 16 முனைகள் இருக்கும். கூட்டல் குறியின் மேல் முனையிலிருந்து வலப்பக்கத்து அடுத்த முனைக்கு ஒரு வளைவு. பிறகு இடப்பக்கத்தின் அடுத்த முனையிலிருந்து, முன் போட்ட வளைவுக்கு மேலாக, வலப்பக்கத்தின் அடுத்த முனைக்கு. இப்படியே எட்டு வளைவுகள் போட்டால் 16 முனைகளும் இணைந்துவிடும்; எட்டுக் கோடுகளுக்கு நடுவே ஏழு சுற்றுகள் கிடைக்கும். இதைத் தரையில் பெரிதாக்க முளைக்குச்சி, கயிறு, சுண்ணாம்புத் தூள் போதும். தடத்தின் அகலம் 60 சென்டிமீட்டர் என்றால் மொத்தக் குறுக்களவு 9 மீட்டரை ஒட்டி வரும். உள்ளே போகும் பாதை 100 மீட்டரை நெருங்கும். சக்கர நாற்காலி செல்ல வேண்டுமானால் தடம் 90 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது; தரை கெட்டியாக இருக்க வேண்டும். ஆற்றுக்கல், உடைந்த ஓடு, செங்கல் என அருகில் கிடைப்பதே எல்லைக்கு உகந்தது. வேலி உயரமாக இருந்தால் சுழல்பாதை புதிர்ப்பாதையின் அச்சத்தைத் தந்துவிடும்; நடப்பவர் முழு வடிவத்தையும் ஒரே பார்வையில் காண வேண்டும். வெறுங்காலில் நடக்க ஏற்ற தரையும், காலையிலோ மாலையிலோ விழும் நிழலும் விலையுயர்ந்த சலவைக்கல்லைவிட அவசியமானவை.

நடப்பதற்கு விதி குறைவு. வாசலில் சற்று நின்று மூச்சைக் கவனித்து, இயல்பான வேகத்தைவிட மெதுவாக நடக்கலாம். எதிரே வருபவருக்கு ஒதுங்கி வழிவிடுவது பயிற்சியின் பகுதியே. மையத்தில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். திரும்பும் வழியையும் போகும் வழிக்குச் சமமாக மதிக்க வேண்டும். மையத்திலிருந்து கோடுகளைத் தாண்டி வெளியேறினால் பாதி நடையே நடந்ததாகும். நடக்க இயலாதவருக்கு என்ன வழி என்ற கேள்விக்குப் பழைய பதில் ஒன்று உண்டு. இத்தாலியின் லூக்கா பேராலய முகப்புத் தூணில், விரலால் தொட்டுத் தொடரும் அளவில் ஒரு சுழல்பாதை செதுக்கியிருக்கிறார்கள். மரப்பலகையில் பள்ளம் தோண்டியோ மணலில் வரைந்தோ விரலால் நடக்கலாம். பலன் கண்டே ஆக வேண்டும் என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் வாழ்க்கையின் விளக்கம் தேடத் தேவையில்லை. சிலருக்கு ஒன்றும் நேராது. தலைசுற்றல் உள்ளவருக்குத் தொடர்ந்த திருப்பங்கள் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அவர்கள் விட்டுவிடுவதில் குறை ஏதுமில்லை.

இந்தப் பார்வை நம் ஏழு சுற்றுக் கோட்டைகளுக்கும் ஒரு பாதுகாப்பாகும். பழமையில்தான் ஆற்றல் இருக்கிறது என்று நம்புபவர் பழைய கற்களின் மேலேயே நடக்க விரும்புவார்; நகர்ந்த கல்லைத் தம் எண்ணப்படி எடுத்து வைப்பார்; சுற்றிலும் கூட்டம் சேர்ப்பார். தரையோடு கிடக்கும் அந்தக் கற்கள் இடம் மாறினால், யார் எப்போது எதற்காக அமைத்தார்கள் என்று அறிவதற்கான சான்றும் சேர்ந்து அழியும். ஆற்றல் வடிவத்தில் இருக்கிறது என்று அறிந்தவருக்கு அந்தத் தேவை இல்லை. பழைய கற்களை ஆய்வாளரிடமும், அவற்றை வணங்கிவரும் ஊராரிடமும் விட்டுவிட்டு, பள்ளி மைதானத்திலோ மருத்துவமனை முற்றத்திலோ வீட்டு மாடியிலோ சுண்ணாம்புக் கோட்டால் அதே ஏழு சுற்றையும் ஒரு முற்பகலில் வரைந்துகொள்ளலாம். மழையில் அது கரைந்தால் மறுநாள் மீண்டும் போடலாம், வாசல் கோலத்தைப் போல.